ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், திங்கட்கிழமை ஒரு பெயர்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் சாலையில் சுவர்களைப் பார்த்தபடி நடந்தால் இரண்டு வகைச் சுவரொட்டிகள் கண்ணில் படாமல் போகாது. ஒன்று கண்ணீர் அஞ்சலி. மற்றொன்று எழுப்புதல் கூட்டம். தூங்கிக்கிடக்கும் சபை விழித்துக்கொள்வதும், விசுவாசிகள் உண்மையான விசுவாசத்துக்குத் திரும்புவதுமே எழுப்புதல் என்று போதகர்கள் விளக்குவார்கள். நல்ல சொல்தான். அந்தச் சொல்லை இன்று கொஞ்சம் உரசிப் பார்க்க விரும்புகிறோம்.

தலித் மக்களின் பிரச்சினைகளை எழுதும் பத்தியில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். அந்தக் கூட்டங்களில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணீர் விடுகிறவர்களில் நம் மக்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் கேள்வி தானாக அடங்கிவிடும். செங்கல்பட்டிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் பொன்னேரிப் பக்கத்திலிருந்தும் துறைமுகத்துக்கும் ஆலைக்கும் கூலி வேலைக்கு வந்து, தண்டவாள ஓரத்திலும் கால்வாய் ஓரத்திலும் குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்கள். இந்தப் பத்தி எந்த மதத்துக்கும் ஆள் சேர்க்க எழுதப்படுவதல்ல; எந்த மதத்திலிருந்தும் ஆளைப் பிரிக்கவும் அல்ல. ஆனால் நம் மக்கள் எதை நம்பி வாழ்கிறார்களோ அதைப் பற்றிப் பேசாமல் இருக்கவும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெண்ணின் பெயர் எஸ்தர். தகரக் கூரை போட்ட சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து பாடுகிறாள். திங்கட்கிழமை வட்டாட்சியர் அலுவலகத்தில் அவளே வேறு பெயரில் நிற்கிறாள். கையில் இருக்கும் சான்றிதழில் 'இந்து – ஆதிதிராவிடர்' என்று இருக்கிறது. இது ஒரு குறிப்பிட்ட பெண்ணின் கதையல்ல. இந்தப் பகுதியில் எந்தத் தெருவிலும் கேட்கக் கிடைக்கிற கதை. ஞானஸ்நானம் எடுத்தால் சான்றிதழ் போய்விடும் என்று பயந்து, படிப்பு முடியட்டும், வேலை கிடைக்கட்டும், தம்பிக்கும் கிடைக்கட்டும் என்று ஆண்டுக்கணக்காகத் தள்ளிப்போடுகிற பிள்ளைகள் உண்டு. சபைப் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டாம் என்று போதகரிடம் கெஞ்சுகிற தாய்மார்கள் உண்டு. உண்மை பேசு என்று போதிக்கிற இடத்திலேயே உண்மையை மறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கூச்சத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

இதற்குக் காரணம் 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான ஒரு குடியரசுத் தலைவர் ஆணை. அதன் மூன்றாவது பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுகிற எவரும் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அந்தக் கதவு திறக்கப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் திறக்கவில்லை. அதனால்தான் ஆகஸ்ட் 10ஆம் தேதியை தலித் கிறிஸ்தவர்கள் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். தமிழ்நாட்டில், கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்கள் எத்தனை தலைமுறை ஆனாலும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருவார்கள். அதாவது, தெருவில் சாதி பார்க்கிறவன் பார்வையில் பறையர், சக்கிலியர். தேர்வாணையத்தின் பார்வையில், நிலமும் கடையும் வைத்திருக்கும் சாதிகளோடு ஒரே வரிசையில் ஓட வேண்டியவர்.

நீதிமன்றங்கள் இதை எப்படிப் பார்த்தன? சட்டம் படிக்கும் மாணவர்கள் சூசை வழக்கைப் படித்திருப்பார்கள். சூசை சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை, கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 1985இல் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பிறகும் அதே இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்டப் போதிய ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். பக்கத்தில் உட்கார்ந்து அதே ஊசியால் அதே தோலைத் தைத்தவருக்குக் கடை கிடைத்தது, இவருக்கு இல்லை.

பிறகு, 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கு. குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர். ஆனால் தான் இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். உச்ச நீதிமன்றம் மறுத்தது. உண்மையான நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் ஒரு மதத்தைச் சொந்தம் கொண்டாடுவது அரசியலமைப்பின் மீது செய்யும் மோசடி என்றது. சட்டத்தின் எழுத்தை வைத்துப் பார்த்தால் நீதிபதிகள் வேறு முடிவுக்கு வந்திருக்க முடியுமா என்பது வேறு விவாதம். நமக்கு உறுத்துவது இதுதான்: ஒரு குமாஸ்தா வேலைக்கு மனுப்போட்ட பெண்ணிடம் 'உன் நம்பிக்கை உண்மையானதா' என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் கேட்கிறது. கோயில் பக்கமே போகாத, சாமி கும்பிடாத ஒருவர் 'இந்து' என்று சான்றிதழ் வைத்திருந்தால் அவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. உண்மையான விசுவாசம் என்ற பரீட்சையை ஏழைக்கு மட்டும்தான் வைக்கிறார்கள்.

அந்தப் பரீட்சையைத் திருச்சபைக்கு வைத்தால் என்ன? அதுதான் இன்றைக்கு நாம் கேட்க வந்தது.

இராயபுரத்தின் பெயர் எங்கிருந்து வந்தது என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இராயப்பர் என்பது இயேசுவின் முதல் சீடர் பீட்டருக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்த பெயர். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில், அலையைக் கிழித்துக்கொண்டு கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய படகோட்டிகள், தங்கள் கூலியிலிருந்து சேர்த்த பணத்தில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பியது அங்குள்ள புனித இராயப்பர் ஆலயம். உழைப்பவர்கள் தங்கள் கூலியைப் போட்டுக் கட்டிய ஆலயம் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிரும்.

ஆனால் அந்த இராயப்பரைப் பற்றி வேதாகமத்தில் வேறொரு சம்பவமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களில் அது அதிகம் காதில் விழுவதில்லை. அந்தியோக்கியா நகரத்தில் அவர் யூதர் அல்லாத விசுவாசிகளோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து பெரிய மனிதர்கள் சிலர் வந்ததும், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்து பந்தியிலிருந்து மெல்ல ஒதுங்கிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேராகக் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. கொரிந்து சபையிலும் இதே பந்திப் பிரச்சினைதான்: வசதி உள்ளவன் முந்திக்கொண்டு தின்று தீர்க்க, இல்லாதவன் பசியோடு நிற்கிறான் என்று பவுல் கோபப்பட்டார். ஆக, கிறிஸ்தவர்களின் முதல் தலைமுறையிலேயே விசுவாசம் உண்மையா பொய்யா என்று சோதித்த இடம் சாப்பாட்டுப் பந்தி. இந்தத் தேசத்துச் சேரிக்காரனுக்கு அந்தச் சோதனை உடனே புரியும்.

சென்னையிலும் இது ஒருமுறை பெரிய அளவில் நடந்தது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை ஒன்று அனுப்பினார். ஆலயத்துக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும், நற்கருணைக்கு எல்லாரும் கலந்தே வர வேண்டும் என்பது அதன் சாரம். விளைவு என்ன தெரியுமா? வேப்பேரியில் தம்மை உயர்சாதி என்று எண்ணிக்கொண்ட கிறிஸ்தவர்கள் பலர் ஆலயத்தை விட்டே வெளியேறினார்கள். தஞ்சாவூரிலும் அதே கதை. இன்றும் ஆலயங்களில் பாடப்படும் கீர்த்தனைகளைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி வழக்கத்தைக் காக்கும் பக்கம் நின்றார். பாட்டின் பெருமையை நாம் குறைக்கவில்லை. அந்த நிலைப்பாட்டை மறைக்கவும் மாட்டோம்.

1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகளின் மாநாடு ஒரு படி மேலே போனது. எந்தச் சாதிக்காரர் சமைத்த உணவையும் சாப்பிட மறுப்பவர் சாதியை விட்டவர் ஆக மாட்டார், அப்படிப்பட்டவருக்குச் சபையில் இடமில்லை என்ற கருத்தில் தீர்மானம் போட்டார்கள். எல்லா மிஷன்களும் இதை ஏற்கவில்லை. லைப்சிக் லுத்தரன் மிஷன் விலகி நின்றது. ஏற்றவர்களும் எல்லா இடத்திலும் நடைமுறைப்படுத்தவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயோத்திதாசப் பண்டிதர் 'தமிழன்' இதழில், மதம் மாறியும் சாதியை விடாத கிறிஸ்தவர்களை வரிக்கு வரி கண்டித்துக்கொண்டிருந்தார் என்றால், தீர்மானம் காகிதத்தில் எந்த அளவுக்கு நின்றது என்று புரிந்துகொள்ளலாம்.

இந்தக் கதை முடிந்த கதையும் அல்ல. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைத் தனியே பிரிக்கும் சுவரை எதிர்த்து 2010இல் போராட்டம் நடந்தது. உளுந்தூர்பேட்டை அருகே எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். ஒரே ஆலயத்தின் விசுவாசிகளுக்குள் மூண்ட கலவரத்தில் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள்.

இங்கேதான் ஒரு முடிச்சு இருக்கிறது. சூசை வழக்கில் நீதிமன்றம் கேட்டது ஆதாரம். அந்த ஆதாரம் யார் கையில் இருக்கிறது? கல்லறைச் சுவரை எழுப்பியவர்கள் கையில். தனித்தனியாகச் சுற்றும் தேர்களைக் காப்பவர்கள் கையில். பட்டியல் சாதி உரிமை கேட்டு டெல்லியில் மனுக்கொடுக்கும் திருச்சபை, 'எங்களுக்குள்ளும் தீண்டாமை இருக்கிறது' என்று முதலில் தானே வாய் திறந்து அறிக்கையிட வேண்டும். பாவ அறிக்கையை வாராவாரம் சொல்லிப் பழகியவர்களுக்கு இந்த ஒரு அறிக்கை மட்டும் தொண்டையில் சிக்கியது.

முற்றிலும் சிக்கிக்கொண்டே இருந்தது என்று சொன்னால் அது நியாயமாகாது. 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்களைச் சந்தித்த போப் இரண்டாம் ஜான் பால், சாதிப் பாகுபாடு திருச்சபையின் சாட்சியத்தையே கெடுக்கிறது என்று நேரடியாக எச்சரித்தார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டபோது, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. சுமார் 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும் அதுவே சொன்னது. தலித் சமூகத்திலிருந்து முதல் கர்தினால், ஐதராபாத்தின் அந்தோணி பூலா, 2022இல்தான் வந்தார். கணக்கை வாசகர்களே போட்டுக்கொள்ளலாம்.

நம் சென்னையிலேயே இந்தக் கேள்வியை உள்ளே இருந்து கேட்டவர்கள் உண்டு. 1990களில் தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயராக இருந்த எம். அசரியா, திருச்சபையின் கிறிஸ்தவத்துக்குப் புறம்பான முகத்தைத் தோலுரித்து எழுதினார். கீழ்ப்பாக்கம் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலுக்கென்றே ஒரு துறையை உருவாக்கினார். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் சொன்ன தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்ற பெயரில் எழுதியவர், இன்னும் ஒரு படி இறங்கி வந்தார். கர்நாடக ராகத்தில் மட்டும்தான் கடவுளைத் துதிக்க முடியுமா என்று கேட்டு, நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாடல்களைக் கட்டினார். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தை 'ஒரே உலை'. தனித்தனி அடுப்பில் பொங்கித் தின்றுவிட்டு ஆலயத்தில் மட்டும் ஒன்றாக உட்கார்வது போதாது, ஒரே உலையில் பொங்கிப் பகிர வேண்டும் என்றார். மீண்டும் பந்திதான்.

இப்போது வடசென்னைக்குத் திரும்புவோம். நதானியேல் ராபர்ட்ஸ் என்ற மானுடவியல் ஆய்வாளர் வடசென்னையின் ஒரு சேரிப் பகுதியில் தங்கி, பெந்தெகொஸ்தே சபைகளில் சேர்ந்த தலித் பெண்களைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் 2016இல் வந்தது. மதம் மாறியதால் குடும்பம் உடைகிறது, ஊர் உடைகிறது என்று மேடையில் பேசுகிறவர்கள் அதைப் படிக்க வேண்டும். ஒரே வீட்டில் மனைவி கிறிஸ்தவர், கணவர் இந்து. அதற்காகத் தெருவில் சண்டை இல்லை. அந்தப் பெண்கள் சபையில் தேடியது, தங்கள் கடனையும் கணவனின் குடியையும் பிள்ளையின் நோயையும் வாய்விட்டுச் சொல்ல ஓர் இடம், சொன்னால் கூட உட்கார்ந்து அழுது ஜெபிக்க நாலு பேர். தன்னை யாரோ பொருட்படுத்துகிறார்கள் என்ற உணர்வு. 2002இல் அன்றைய தமிழக அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது (2004இல் கைவிடப்பட்டது), அரிசிக்கும் கோதுமைக்கும் மாறுகிறவர்கள் என்று நம் மக்களைத்தான் கொச்சைப்படுத்தினார்கள். வாரம் முழுக்க வீட்டு வேலை செய்து, கந்து வட்டியும் கட்டி, அதில் மிச்சம் பிடித்துக் காணிக்கையும் போடுகிறவளைப் பார்த்து, அவள் அரிசிக்காக மாறினாள் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

அந்தக் கூட்டத்தைத்தான் நாம் உண்மையான விசுவாசிகளின் கூட்டம் என்று மதிக்கிறோம். கட்டடம் சின்னது, பக்தி பெரிது. ஆனால் அங்கேயும் சொல்ல வேண்டியது இருக்கிறது. கண்ணீரோடு ஜெபம் முடிந்தபின் அந்தக் கடன் யார் தலையில் இருக்கிறது? அவள் தலையில்தான். காணிக்கைக் கணக்கு யாரிடம் இருக்கிறது? பல சபைகளில் ஒரே ஒருவரிடம். பாடுகிறவர்களும் பெருக்குகிறவர்களும் பெண்கள். முடிவெடுக்கிற இடத்தில் எத்தனை பெண்கள்?

2023 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பம் அருகே ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்குகளைக்கூட இன்னும் கழற்றாத தெருக்களில் மக்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறி, கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்து வலையையும் படகையும் நாசம் செய்திருந்தது. வாயு யாரிடமும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கவில்லை. சாதிச் சான்றிதழும் கேட்கவில்லை. குப்பத்துக்கும் காலனிக்கும் ஒரே காற்று.

அப்படிப்பட்ட மண்ணில் எழுப்புதல் என்றால் காற்றையும் தண்ணீரையும் பற்றிப் பேசாத எழுப்புதலாக இருக்க முடியாது. இதற்கு முன்மாதிரி வெளியே தேட வேண்டியதில்லை. 1890களில் செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூரில் வில்லியம் கௌடி ஆகிய பாதிரிமார்கள் பறையர்களுக்கு நிலம் வேண்டும் என்று அரசோடு மல்லுக்கு நின்றார்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையோடு சேர்ந்து அந்தக் குரல்தான் 1892இல் பஞ்சமி நில ஆணைக்கு வழி செய்தது. திருவள்ளூரில் கௌடி பெயரில் உள்ள பள்ளியில் படிக்கும் மாணவர்களாவது இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆன்மாவுக்கு மட்டும்தான் ஊழியம் என்று அவர்கள் ஒதுங்கியிருந்தால், பட்டா என்ற சொல் நம் கிராமங்களுக்கு இன்னும் தாமதமாகத்தான் வந்திருக்கும்.

சட்டப் போராட்டம் ஒரு பக்கம் நடக்கட்டும். இந்தப் பாகுபாட்டை நீக்க வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே பரிந்துரைத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றி மத்திய அரசுக்கு அனுப்பியது. மத்திய அரசோ 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்து, இரண்டு ஆண்டு என்று சொல்லி, பிறகு கால நீட்டிப்பும் கொடுத்தது. அது வரும்வரை எஸ்தர் இரண்டு பெயரோடு நடக்க வேண்டும்; அவளைக் குற்றவாளிபோல் பார்க்கும் உரிமை எந்தப் போதகருக்கும் கிடையாது. ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடும் பிள்ளையிடம் 'உனக்கு விசுவாசம் குறைவு' என்று சொல்வதற்கு முன், அந்தப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைச் சபை கட்டுமா என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

சபைகள் நினைத்தால் ஆணையத்துக்குக் காத்திராமல் செய்யக்கூடியவை நிறைய உண்டு. காணிக்கைக் கணக்கை மாதம் ஒருமுறை சுவரில் ஒட்டலாம். கமிட்டியில் கூலி வேலை செய்யும் பெண்களை உட்கார வைக்கலாம். பெரிய ஆலயங்களின் பள்ளி, கல்லூரிகளில் தலித் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு எத்தனை இடம் கொடுத்தோம், எத்தனை ஆசிரியர் வேலை கொடுத்தோம் என்று வெளிப்படையாகச் சொல்லலாம். திருவிழா அன்று வசதியான வீடுகளுக்குப் பிரியாணிப் பொட்டலம் அனுப்புவதற்குப் பதிலாக, காலனியின் நடுவே அடுப்பு வைத்து, காலனிப் பெண்கள் கையால் சமைத்து, ஆயரும் கமிட்டித் தலைவரும் அதே தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். 1850இல் போட்ட தீர்மானத்தை நிறைவேற்ற இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒன்று. கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிட மாணவர்களுக்கும் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான கல்வி உதவித்தொகையைத் தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர் நலத்துறை வழியாக வழங்குகிறது. மதம் மாறினால் எல்லாமே போய்விடும் என்று நம்பி விண்ணப்பிக்காமலே விடுகிற குடும்பங்கள் இந்தப் பகுதியில் இருக்கின்றன. சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் ஆகியவற்றைக் கல்லூரி திறக்கும் முன்பே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். போதகர்களிடமும் பங்குத்தந்தையரிடமும் ஒரு கோரிக்கை: விண்ணப்பம் தொடங்கும் வாரத்தில், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் ஒரு மேசை போடுங்கள். கணினி தெரிந்த இரண்டு இளைஞர்களை அதில் உட்கார வையுங்கள். வரிசையில் நிற்கும் பிள்ளை எந்தச் சபை, எந்த மதம் என்று கேட்காமல் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள்.